பழைய கணினியில் நெட் நின்றுவிட்டதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்து வருடத்துக்கு மேல் ஓடிய மேசைக் கணினி, மடிக்கணினிகளுக்காக எழுதியது இது. விண்டோஸ் எக்ஸ்பி, விண்டோஸ் 7, ஆரம்பகால விண்டோஸ் 10 எல்லாம் இதில் அடங்கும். நேற்றுவரை வந்த நெட் இன்று வரவில்லை என்றதும் பலர் விண்டோஸையே அழித்துவிட்டு மறுபடி போட ஆரம்பித்துவிடுகிறார்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். கேபிள், நெட்வொர்க் கார்டு, டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்), ஐபி முகவரி (நெட்வொர்க்கில் கணினியின் எண்), டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தருவது), பிரௌசர் என்று இணைப்பு பல கட்டங்களைத் தாண்டி வருகிறது. எந்தக் கட்டத்தில் அறுந்தது என்று தெரியாமல் எதையும் மாற்றினால் நன்றாக இருந்ததும் கெட்டுப்போகும்.

கட்டளைகளையும் மெனு பெயர்களையும் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கணினியில் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

நெட் வரவில்லை. முதலில் எதைப் பார்ப்பது?

கணினியைத் தொடாதீர்கள், கைப்பேசியை எடுங்கள். அதில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, அதே ரூட்டரின் வைஃபையில் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள். அதிலும் வரவில்லை என்றால் கணினி மேல் தப்பில்லை. ரூட்டரை மின்சாரத்திலிருந்து பிடுங்கி, அரை நிமிடம் விட்டுச் செருகுங்கள். அப்படியும் வராவிட்டால் இணைப்பு தரும் நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும். மொபைல் டேட்டாவை அணைக்க மறந்துவிட்டால் இந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை, அதைக் கவனியுங்கள்.

கைப்பேசியில் வருகிறது, கணினியில் மட்டும் வரவில்லை என்றால் மேலே படியுங்கள்.

கேபிளைச் செருகித்தான் வைத்திருக்கிறேன். ஆனாலும் கேபிள் இணைக்கப்படவில்லை என்கிறதே?

கணினியின் பின்பக்கம் கேபிள் செருகும் துளைக்குப் பக்கத்தில் குட்டியாக ஒன்றோ இரண்டோ லைட் இருக்கும். ரூட்டரிலும் அதே போல இருக்கும். இரண்டு பக்கமும் லைட் எரிய வேண்டும். எரியவில்லை என்றால் இப்போதைக்கு விண்டோஸ் அமைப்புகளை மறந்துவிடுங்கள். சிக்கல் கம்பியிலோ, துளையிலோ, கார்டிலோதான் இருக்கும்.

ரூட்டரில் வேறு துளைக்கு மாற்றிச் செருகிப் பாருங்கள். அப்புறம் வேறு கேபிள். பழைய கேபிள்களில் முனையில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் நாக்கு ஒடிந்திருக்கும். செருகினால் நிற்பது போல இருக்கும், ஆனால் மேசை லேசாக ஆடினாலே அரை மில்லிமீட்டர் வெளியே நழுவிவிடும். கேபிளைக் கையால் உள்ளே அழுத்திப் பிடித்தபடி லைட்டைப் பாருங்கள். அழுத்தும்போது மட்டும் எரிந்தால் முனையை மாற்ற வேண்டியதுதான்.

கைப்பேசியின் டார்ச்சை அடித்துத் துளைக்குள்ளும் பாருங்கள். மெல்லிய எட்டு கம்பிகள் ஒரே சாய்வில் வரிசையாக நிற்க வேண்டும். ஒன்று பக்கத்துக் கம்பியைத் தொட்டுக்கொண்டோ, உள்ளே மடங்கியோ இருந்தால் அதுதான் காரணம். கணினியை அணைத்து, மின் கம்பியையும் பிடுங்கிய பிறகு மெல்லிய ஊசியால் பொறுமையாக நிமிர்த்தலாம்.

கேபிளில் இருக்கும் எட்டு கம்பிகளில் 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்குதான் வேலை செய்கின்றன. கிகாபிட் வேகத்துக்கு எட்டும் வேண்டும். மற்ற நான்கில் ஒன்று அறுந்த கேபிள், 100 எம்பிபிஎஸ் மட்டுமே தெரிந்த பழைய கார்டில் ஒழுங்காக ஓடும். அதே கேபிள் கிகாபிட் கார்டில் விட்டுவிட்டு வரும், அல்லது வரவே வராது. அதனால் "இதே கேபிள் அந்தக் கணினியில் வேலை செய்கிறதே" என்பதை வைத்து மட்டும் கேபிள் நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். கேபிள் 100 மீட்டருக்கு மேல் நீளமாக இருக்கவும் கூடாது.

எந்தக் கேபிளைப் போட்டாலும் லைட் எரியவில்லை. போர்ட் செத்துவிட்டதா?

இருக்கலாம். குறிப்பாக இடி மின்னலுக்கு அடுத்த நாள் என்றால் வாய்ப்பு அதிகம். ஆனால் அதற்கு முன் இரண்டு காரியம் பாக்கி.

ஒன்று, கணினியை அணைத்து, மின் கம்பியைப் பிடுங்கி, மடிக்கணினி என்றால் பேட்டரியையும் கழற்றிவிட்டு, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கணினி அணைந்திருந்தாலும் மதர்போர்டில் இருக்கும் நெட்வொர்க் சிப்புக்கு மின்சாரம் போய்க்கொண்டேதான் இருக்கும். அது சிக்கி நின்றுவிட்டால் சும்மா ரீஸ்டார்ட் செய்வதால் விடுபடாது. இப்படி முழுசாக மின்சாரத்தை எடுத்துவிட்டால் பல நேரம் விடுபட்டுவிடும்.

இன்னொன்று பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் கணினியின் அடிப்படை அமைப்புகள். கணினி தொடங்கும்போது டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டி உள்ளே போய், ஆன்போர்டு லேன் என்ற வரி எனேபிள்டு என்று இருக்கிறதா பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்துபோனால் பயாஸ் அமைப்புகள் ஆலை நிலைக்குத் திரும்பிவிடும். அப்போது இதுவும் மாறியிருக்கலாம். அந்தப் பேட்டரி செய்யும் இன்னொரு வேலையைக் கீழே சொல்கிறேன்.

இரண்டுக்கும் அசையவில்லை என்றால் விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளமான லினக்ஸைப் பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பாருங்கள். கணினியில் எதையும் நிறுவ வேண்டாம், விண்டோஸ் அப்படியே இருக்கும். 32 பிட் பழைய கணினிகளுக்கு ஆன்டிஎக்ஸ், பப்பி லினக்ஸ் மாதிரி இலகுவானவை கிடைக்கின்றன. லினக்ஸில் நெட் வந்தால் கார்டு உயிரோடு இருக்கிறது, கோளாறு விண்டோஸ் பக்கம். அதிலும் லைட் எரியவில்லை, கார்டே தெரியவில்லை என்றால் போர்ட் போய்விட்டது. எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான சோதனை கிடையாது. மணிக்கணக்கில் அமைப்புகளை நோண்டுவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள்.

லைட் எரிகிறது. ஆனால் ஐபி முகவரி 169.254 என்று ஆரம்பிக்கிறது. அப்படியென்றால்?

கட்டளை தட்டும் கறுப்புத் திரையான கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் என்று தட்டினால் கணினியின் ஐபி முகவரி தெரியும். ரூட்டர் கொடுக்கும் முகவரி பெரும்பாலும் 192.168 அல்லது 10 என்று ஆரம்பிக்கும். 169.254 என்று ஆரம்பித்தால், கணினி முகவரி கேட்டது, யாரும் பதில் சொல்லவில்லை, அதனால் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். இந்த முகவரியை வைத்து இணையத்துக்குப் போக முடியாது.

ஐபிகான்ஃபிக் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு ரிலீஸ் என்று கொடுங்கள். அதே போல சாய்கோட்டுடன் ரினியூ. வந்துவிட்டால் சரி. வரவில்லை என்றால் சர்வீசஸ் பட்டியலில், ரூட்டரிடம் முகவரி கேட்டு வாங்கும் டிஎச்சிபி கிளையன்ட் ஓடுகிறதா என்று பாருங்கள். ரூட்டரில் மேக் ஃபில்டர் போட்டு, தெரிந்த சாதனங்களை மட்டும் அனுமதித்திருந்தாலும் சில ரூட்டர்களில் இப்படி ஆகும்.

அதிகம் பேர் கவனிக்காத காரணம் ஒன்று உண்டு: காலாவதியான ஆன்டிவைரஸ். சந்தா முடிந்து வருடங்கள் ஆனாலும் அதன் ஃபயர்வால் விண்டோஸுக்குள் உட்கார்ந்துகொண்டு எல்லாப் போக்குவரத்தையும் வடிகட்டிக்கொண்டுதான் இருக்கும். அது கெட்டுப்போனால் முகவரி கேட்கும் செய்திகூட வெளியே போகாது. எக்ஸ்பியிலும் 7லும் கணினி தொடங்கும்போது எஃப்8 தட்டி, நெட்வொர்க்கிங் உள்ள சேஃப் மோடில் நுழைந்து, கேபிள் வழியாக நெட் வருகிறதா என்று பாருங்கள். அங்கே வந்தால் சந்தேகம் முதலில் ஆன்டிவைரஸ் மேல்தான். அதை நீக்க அந்த நிறுவனமே தனியாக நீக்கும் கருவி வைத்திருக்கும், அதையே பயன்படுத்துங்கள். கண்ட்ரோல் பேனலில் நீக்கினால் மிச்சம் மீதி தங்கிவிடும்.

முகவரி 169.254 இல்லை, ஆனால் ரூட்டரின் வரிசைக்குப் பொருந்தாத வேறு ஏதோ எண் என்றால், எப்போதோ யாரோ கையால் முகவரி போட்டுவைத்திருக்கிறார்கள். ரூட்டரை மாற்றிய பிறகு நெட் நின்ற கணினிகளில் இது சகஜம். அடாப்டரின், அதாவது நெட்வொர்க் கார்டின், டிசிபி ஐபி அமைப்பில் முகவரியைத் தானாகப் பெறும்படி மாற்றுங்கள்.

பிங் செய்து பார் என்கிறார்கள். எதைப் பிங் செய்வது?

பிங் என்பது ஒரு முகவரியைக் கூப்பிட்டுப் பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை. நான்கை, இந்த வரிசையில். முதலில் 127.0.0.1. இது கணினி தன்னையே கூப்பிடுவது. இதற்கே பதில் இல்லை என்றால் விண்டோஸின் டிசிபி ஐபி கெட்டிருக்கிறது. அடுத்து ஐபிகான்ஃபிக் காட்டும் டிஃபால்ட் கேட்வே, அதாவது உங்கள் ரூட்டர். இதற்குப் பதில் வராவிட்டால் சிக்கல் கணினிக்கும் ரூட்டருக்கும் நடுவில். மூன்றாவது 8.8.8.8, இது இணையத்தில் இருக்கும் கூகுளின் டிஎன்எஸ் சர்வர். பதில் வந்தால் இணையம்வரை வழி திறந்திருக்கிறது. கடைசியாக ஏதாவது ஒரு தளத்தின் பெயர். எண்ணுக்குப் பதில் வந்து, பெயரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை என்று சொன்னால் கோளாறு டிஎன்எஸ்ஸில். பெயருக்குப் பக்கத்தில் எண் வந்துவிட்டு, பதில் மட்டும் வரவில்லை என்றால் பயப்படாதீர்கள். பிங்குக்குப் பதில் சொல்லாத தளங்களும் இருக்கின்றன.

டிஎன்எஸ்தான் என்று தெரிந்தால் ஐபிகான்ஃபிக்குக்குப் பின் சாய்கோடு போட்டு ஃப்ளஷ்டிஎன்எஸ் கொடுங்கள். தீரவில்லை என்றால் அடாப்டர் அமைப்பில் டிஎன்எஸ் முகவரியாக 8.8.8.8, 1.1.1.1 இரண்டையும் போடுங்கள்.

பிங் எல்லாம் போகிறது. பிரௌசரில் மட்டும் எதுவும் திறக்கவில்லையே?

இன்டர்நெட் ஆப்ஷன்ஸில் கனெக்‌ஷன்ஸ் பகுதிக்குப் போய், லேன் செட்டிங்ஸைத் திறங்கள். ப்ராக்ஸி சர்வர் (பிரௌசரை வேறொரு கணினி வழியாகத் திருப்பிவிடும் அமைப்பு) என்ற கட்டத்தில் டிக் இருந்து, அதை நீங்கள் வைக்கவில்லை என்றால் எடுத்துவிடுங்கள். இலவச மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வந்த ஏதோ ஒன்று அந்த வேலையைச் செய்திருக்கும். அதை நீக்கிய பிறகும் ப்ராக்ஸி அமைப்பு மட்டும் அப்படியே நிற்கும். சில குறிப்பிட்ட தளங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால் ஹோஸ்ட்ஸ் கோப்பில் அந்தத் தளங்களின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், டிஎன்எஸ்ஸைக் கேட்கும் முன் விண்டோஸ் இதைத்தான் பார்க்கும். சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி என்று உள்ளே போனால் இருக்கும்.

எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பில்லாத இணைப்பு என்று எச்சரிக்கிறது. வைரஸா?

பெரும்பாலும் இல்லை. திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள், வருடத்தோடு சேர்த்து.

கணினி அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டுவது மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற 3 வோல்ட் பட்டன் பேட்டரி. பத்து வருடக் கணினியில் அது தீர்ந்திருந்தால் ஆச்சரியமே இல்லை. தீர்ந்ததும், கணினியை மின்சாரத்திலிருந்து பிடுங்கும்போதெல்லாம் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். ஒவ்வொரு தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்கும் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை செல்லும் என்று ஒரு கால அளவு உண்டு. உங்கள் கணினி 2009 என்று நினைத்துக்கொண்டிருந்தால், இன்றைய சான்றிதழ் எதுவும் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால் பிரௌசர் எல்லாவற்றையும் மறுக்கிறது. பார்ப்பவருக்கு நெட்டே போய்விட்டது போலத் தோன்றும்.

தேதியைக் கையால் திருத்துங்கள். இணைய நேரத்தோடு தானாகச் சேர்ந்துகொள்ளும் என்று காத்திருக்க வேண்டாம். எக்ஸ்பியிலும் 7லும் வித்தியாசம் 15 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் விண்டோஸ் தானாகத் திருத்த மறுத்துவிடும். அப்புறம் பேட்டரியை மாற்றுங்கள். எழுத்து உள்ள பக்கம் மேலே பார்க்க வேண்டும், அவ்வளவுதான். மாற்றும் முன் பயாஸ் திரைகளைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டால், பின்னால் அமைப்புகளைத் திரும்பப் போட உதவும்.

தேதி சரியாக இருந்தும் எச்சரிக்கை வந்தால், கணினியின் மூலச் சான்றிதழ்கள், அதாவது தளங்களின் சான்றிதழை நம்ப அடிப்படையாக இருப்பவை, பழசாகிவிட்டன. 2021 செப்டம்பர் 30 அன்று, இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்டைப் பயன்படுத்தும் தளங்கள் நம்பியிருந்த ஒரு பழைய மூலச் சான்றிதழ் காலாவதியானது. புதுப்பிக்கப்படாத ஏராளமான கருவிகளில் அன்றிலிருந்து பல தளங்கள் திறக்கவில்லை. இதற்கு எளிய வழி ஃபயர்ஃபாக்ஸ். அது விண்டோஸை நம்பாமல் தன் சான்றிதழ்ப் பட்டியலைத் தானே வைத்திருக்கிறது. விண்டோஸ் 7இல் ஓடும் கடைசி வரிசை ஃபயர்ஃபாக்ஸ் 115. எக்ஸ்பிக்கு 52. குரோம் விண்டோஸ் 7இல் 109ஆம் பதிப்போடு நின்றுவிட்டது.

இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரே கதி என்று இருப்பவர்களுக்கு: விண்டோஸ் 7இல் அதன் 8, 9, 10 பதிப்புகளில் பாதுகாப்பான இணைப்புக்கான டிஎல்எஸ் 1.2 உள்ளே இருக்கும், ஆனால் அணைத்து வைத்திருப்பார்கள். இன்டர்நெட் ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு பகுதியின் அடியில் டிக் செய்தால் பல தளங்கள் திறக்கும்.

வைஃபை பட்டியலில் பக்கத்து வீட்டுப் பெயரெல்லாம் வருகிறது, என் ரூட்டர் பெயர் மட்டும் வரவில்லை.

புது ரூட்டர் வாங்கியிருப்பீர்கள். பழைய வைஃபை கார்டுகளில் நிறைய 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே கேட்கக்கூடியவை. ரூட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஒலிபரப்பினால் அவற்றின் கண்ணுக்கே தெரியாது. ரூட்டர் அமைப்பில் 2.4ஐயும் திறந்துவிட்டு, அதற்குத் தனிப் பெயர் வையுங்கள். சேனலை 1, 6, 11இல் ஒன்றாக நிறுத்துங்கள். 12, 13 சேனல்களைப் பல பழைய கார்டுகள் பார்க்காது.

யாருடைய பெயருமே பட்டியலில் வரவில்லை என்றால் மடிக்கணினியின் ஓரத்தில் வைஃபைக்கான சின்ன நகரும் ஸ்விட்ச் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பையில் வைத்து எடுக்கும்போது தானாக நகர்ந்திருக்கும். ஸ்விட்ச் இல்லாதவற்றில் எஃப்என் விசையோடு சேர்த்து அழுத்தும் விசை ஒன்று இருக்கும்.

பெயர் வருகிறது, பாஸ்வேர்டும் சரிதான். ஆனால் சேரமாட்டேன் என்கிறது.

ரூட்டரின் பாதுகாப்பு வகை டபிள்யூபிஏ3 என்று இருந்தால் பழைய கார்டு சேராது. டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று மாற்றுங்கள். எக்ஸ்பி என்றால் சர்வீஸ் பேக் 3 இருக்க வேண்டும். பழைய கணினியைச் சேர்ப்பதற்காக எளிதில் உடைக்கக்கூடிய பழைய டபிள்யூஇபிக்கோ, பாஸ்வேர்டே இல்லாத நிலைக்கோ இறங்காதீர்கள். அந்த ஒரு கணினிக்காக வீட்டில் இருக்கும் எல்லாக் கருவிகளையும் திறந்துவிட்டதாக ஆகும். அதைவிடக் கேபிள் இழுத்துவிடுவது எவ்வளவோ மேல்.

கொஞ்ச நேரம் வருகிறது, அப்புறம் போய்விடுகிறது.

டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டரின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் மின்சாரம் சேமிக்க இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். பழைய கார்டுகள் தூங்கிவிட்டால் ஒழுங்காக எழுந்திருப்பதில்லை.

மடிக்கணினியில் ரூட்டருக்குப் பக்கத்தில் நெட் வந்து, தள்ளிப் போனால் சட்டென்று போய்விட்டால் ஆன்டெனா வயர் கழன்றிருக்கலாம். அடிப்பக்க மூடியைத் திறந்தால் வைஃபை கார்டின் மேல் கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு மெல்லிய வயர்கள், நுனியில் மிகச் சின்ன வட்டப் பித்தளைப் பொத்தானோடு இருக்கும். நேராக வைத்து அழுத்தினால் டிக் என்று உட்காரும். மேசைக் கணினியில் தனிக் கார்டு என்றால், கழற்றி, தங்க நிற விளிம்பைத் துடைத்து, மறுபடி இறுகச் செருகி, ஸ்க்ரூவைப் போடுங்கள்.

டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறி. டிரைவர் இறக்க நெட் வேண்டும், நெட் வர டிரைவர் வேண்டும். என்ன செய்வது?

ஆண்ட்ராய்டு கைப்பேசி இருந்தால் யூஎஸ்பி கேபிளில் சொருகி, யூஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள். விண்டோஸ் 7இலும் அதற்குப் பின் வந்தவற்றிலும் கைப்பேசியே நெட்வொர்க் கார்டாக வேலை செய்யும். அதுவும் ஆகவில்லை என்றால் வேறு கணினியில் இறக்கிப் பென் டிரைவில் கொண்டுவர வேண்டும்.

எந்த டிரைவர் என்று தெரிய, மஞ்சள் குறி உள்ள வரியின் ப்ராப்பர்ட்டீஸில் டீட்டெய்ல்ஸ் போய், ஹார்டுவேர் ஐடீஸைத் தேர்ந்தெடுங்கள். வென் என்ற எழுத்துகளுக்குப் பின் வருவது சிப் தயாரித்த நிறுவனத்தின் எண்: 8086 என்றால் இன்டெல், 10ஈசி என்றால் ரியல்டெக், 14ஈ4 என்றால் பிராட்காம். டெவ் என்பதற்குப் பின் வருவது மாடல். இந்த இரண்டு எண்களையும் வைத்துத் தேடினால் சரியான டிரைவரின் பெயர் கிடைக்கும். கணினி அல்லது சிப் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். "உங்கள் எல்லா டிரைவரையும் தானாகப் புதுப்பிக்கிறோம்" என்று வரும் நிரல்கள் பக்கமே போகாதீர்கள்.

நெட்வொர்க்கை முழுசாக ரீசெட் செய்யலாமா?

செய்யலாம். முதலில் அடாப்டர் அமைப்புகளைப் படம் எடுத்து வையுங்கள். கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, நெட்எஸ்எச் வின்சாக் ரீசெட் என்று கொடுத்து, ரீஸ்டார்ட் செய்யுங்கள். எக்ஸ்பியில் சர்வீஸ் பேக் 2இலிருந்து இது உண்டு. வைரஸையோ ஆன்டிவைரஸையோ நீக்கிய பிறகு நெட் நின்றிருந்தால் பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும்.

எக்ஸ்பி கணினியை நெட்டில் விடலாமா?

நெட் வரவைப்பது முடியும். விடுவது நல்லதில்லை. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8இல் நின்றது. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14. அதற்குப் பின் கண்டுபிடித்த ஓட்டைகளுக்கு வழக்கமான திருத்தங்கள் வருவதில்லை. பழைய மென்பொருளுக்காகவோ, பழைய அச்சுக் கருவிக்காகவோ எக்ஸ்பி தேவை என்றால், உள் நெட்வொர்க்கில் மட்டும் வைத்து, ரூட்டரில் அதற்கு இணையத்தை அடைத்துவிடுங்கள். வங்கிக் கணக்கை அதில் திறக்கவே வேண்டாம். கணினி நல்ல நிலையில் இருந்தால் அதில் லினக்ஸ் போட்டு நெட்டுக்குப் பயன்படுத்தலாம். இயந்திரம் நன்றாக ஓடும்போது அதைத் தூக்கிப் போட எனக்கு மனம் வராது, உங்களுக்கும் வர வேண்டாம்.

போர்ட் செத்துவிட்டது உறுதி. மதர்போர்டை மாற்ற வேண்டுமா?

வேண்டாம். யூஎஸ்பியில் செருகும் லேன் அடாப்டரோ வைஃபை அடாப்டரோ போதும். கணினியில் யூஎஸ்பி 2.0 இருக்கிறதா என்று பாருங்கள், அதன் வேகம் 480 எம்பிபிஎஸ். மிகப் பழைய 1.1 என்றால் 12 எம்பிபிஎஸ்தான், இழுத்து இழுத்துத்தான் வரும். மேசைக் கணினியில் தனிக் கார்டு போடலாம், ஆனால் உங்கள் ஸ்லாட் பிசிஐயா, பிசிஐ எக்ஸ்பிரஸா என்று பார்த்த பிறகு வாங்குங்கள், ஒன்று மற்றொன்றில் நுழையாது. மடிக்கணினியின் உள் வைஃபை கார்டை மாற்றும் முன், உங்கள் மாடலின் பயாஸ் வேறு கார்டை ஏற்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். சில மாடல்கள் வேறு கார்டைப் பார்த்தால் தொடங்கவே மறுக்கும். எதை வாங்கினாலும் அட்டைப்பெட்டியில் உங்கள் விண்டோஸ் பதிப்பின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். புது அடாப்டர்கள் பலவற்றுக்கு எக்ஸ்பி டிரைவரே கிடையாது.